பீஸ் கட்டையில் தடிமன் கம்பி: மின்சார சைக்கிளும் லித்தியம் பேட்டரியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசு, ஆனால் பாடம் நடத்தாதே" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மின்னியல் துறையில் கடைசி பெஞ்சில் இருந்தவன் நான். பாடம் நடத்த எனக்கு வராது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நேற்று மாலை பழைய ஞாபகத்தில் விடுதிப் பக்கம் போனேன். நாங்கள் இருந்த காலத்தில் மாடிப்படிக்குக் கீழே உடைந்த கட்டிலும் கேரம் போர்டும் கிடக்கும். இப்போது அங்கே ஏழு மின்சார சைக்கிள்கள் நிற்கின்றன. ஏழுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேட்டரிகள் மாணவர்களே கட்டியவை. நீல நிற பிளாஸ்டிக் உறை, மேலே இன்சுலேஷன் டேப். பார்த்ததும் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் பக்கம் எங்கள் கிராமம். அந்தக் காலத்தில் யார் வீட்டில் பீஸ் போனாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். பீஸ் கட்டையை உருவிப் பார்ப்பார். மெல்லிய பீஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடிமனான செப்புக் கம்பியை நாலு சுற்றுச் சுற்றி வைத்திருப்பார்கள். அடிக்கடி போகுதே என்று செய்த வேலை. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறும். "பீஸ் போறது குத்தமில்ல கண்ணு. அது போய்த்தான் உன் வீட்டக் காப்பாத்துது. அத வாயடைச்சு வச்சா, அடுத்து போறது வீடுதான்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். நாலு வருஷம் இந்தக் கல்லூரியிலும் படித்தேன். அப்புறமும் அதே தப்பைச் செய்தேன்.

2021-ல் பொது முடக்கத்தின்போது ஊரில் இருந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி. தோட்டத்துக்கு சைக்கிள் மிதிக்க முடியவில்லை. அவருடைய பழைய சைக்கிளின் பின் சக்கரத்தில் ஹப் மோட்டார் மாட்டினேன். 48 வோல்ட் பேட்டரி புதிதாக வாங்கினால் விலை அதிகம் என்று, பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து செல்களை எடுத்து நானே கட்டினேன். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள, '18650' என்று பெயர் சொல்லும் செல்கள். நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படிப் பதின்மூன்று கூட்டங்களைத் தொடர் இணைப்பில் போட்டேன். மொத்தம் 52 செல்கள்.

இந்த மாதிரி பேட்டரிக்கு ஒரு காவல்காரன் உண்டு. பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக பி.எம்.எஸ். ஒவ்வொரு கூட்டத்தின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய சர்க்யூட் போர்டு அது. ஏதாவது ஒரு கூட்டம் அளவுக்கு மேல் ஏறினால் சார்ஜை நிறுத்தும். அளவுக்குக் கீழே இறங்கினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். அதிக ஆம்பியர் இழுத்தாலும் நிறுத்தும்.

என் பேட்டரியில் அது ஓயாமல் நிறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. வேறுவேறு வயதுள்ள பழைய செல்கள். பலவீனமான கூட்டம் சீக்கிரம் நிறைந்துவிடும். மற்றவை பாதியில் நிற்கும்போதே பி.எம்.எஸ். போதும் என்று கதவைச் சாத்திவிடும். அது சரியாகத்தான் வேலை செய்தது. எனக்குத்தான் பொறுமை இல்லை. சார்ஜர் ஒயரை பி.எம்.எஸ். வழியாக விடாமல் நேராக பேட்டரியின் இரு முனைகளிலும் கொடுத்துவிட்டேன். 'தற்காலிகமாக' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நம் ஊரில் தற்காலிகம் என்றால் எத்தனை வருஷம் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு மச்சான் தன் மின்சார ஸ்கூட்டரில் குடும்பத்தோடு வந்தார். அவர் பேட்டரியும் 48 வோல்ட். சார்ஜரின் பிளக்கும் எங்களுடையது மாதிரியே மூன்று பின். ராத்திரி சாப்பாடு முடிந்து, இருட்டில் கைக்குக் கிடைத்த சார்ஜரை அப்பா சைக்கிளில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். சைக்கிள் நின்ற இடம் முன்வாசலை ஒட்டிய நடை. பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசனை. அப்புறம் உஸ்ஸென்று சத்தம். அப்பா எழுந்து மெயினை அணைத்தார். லைன்மேன் அல்லவா, கை தானாகப் போயிருக்கிறது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. மெயின் அணைந்த பிறகும் சத்தம் வருவதைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "எல்லாரும் கொல்லப் பக்கம் ஓடுங்க" என்று கத்தி, அம்மாவையும் அக்காவையும் மச்சானையும் குழந்தைகளையும் சமையலறைக் கதவு வழியாக வெளியே தள்ளியிருக்கிறார். அடுத்த நிமிஷம் செல்கள் பட்டாசுச் சரம் மாதிரி வெடிக்கத் தொடங்கின. முன்வாசல் கதவு எரிந்தது, சைக்கிள் எரிந்தது, நடை முழுக்கக் கரும்புகை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குக் கொல்லைக் கதவு என்று ஒன்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். என் புத்திசாலித்தனம் அதில் எதுவும் இல்லை.

நான் ஓசூரிலிருந்து விடியற்காலையில் போய் இறங்கினேன். அப்பா திட்டவில்லை. கருகிப்போன பேட்டரியைக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு பீஸ் கட்டை எங்கடா கண்ணு?"

நண்பர்களே, என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது ஒன்றுதான் இன்றைய பாடம், செயலாளர் மன்னிக்கவும்.

லித்தியம் பேட்டரியில் நாம் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்.எம்.சி. வகை. இதன் ஒரு செல் பெயரளவில் 3.6 அல்லது 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட். இன்னொன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட், எல்.எஃப்.பி. வகை. பெயரளவில் 3.2 வோல்ட், நிறைந்தால் 3.65 வோல்ட்.

என் பேட்டரி முதல் வகையைச் சேர்ந்தது. 13 கூட்டம் பெருக்கல் 4.2, ஆக 54.6 வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும். மச்சான் பேட்டரி எல்.எஃப்.பி., 16 கூட்டம். 16 பெருக்கல் 3.65, ஆக அவர் சார்ஜர் 58.4 வோல்ட் வரை ஏற்றும். இரண்டின் பெட்டியிலும் '48 வோல்ட்' என்றுதான் எழுதியிருந்தது. ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பது மாதிரி. பெயர் ஒன்று, ஆள் வேறு.

58.4-ஐ 13-ஆல் வகுங்கள். ஒரு செல்லுக்குச் சுமார் 4.49 வோல்ட். 4.2-க்கு மேல் போகக் கூடாத செல்லுக்கு 4.49. அதுவும் சராசரிதான், பலவீனமான கூட்டத்துக்கு அதைவிட அதிகம். பி.எம்.எஸ். வழியாகச் சார்ஜ் போயிருந்தால் 4.25 வோல்ட் வாக்கில் அது கதவைச் சாத்தியிருக்கும். அப்பா தவறான சார்ஜரை மாட்டியதும், "இது என்ன, சார்ஜ் ஏறலையே" என்று காலையில் எனக்கு போன் செய்திருப்பார். அவ்வளவோடு முடிந்திருக்கும். அப்பா செய்தது கைத்தவறு. கைத்தவறு எந்த வீட்டிலும் நடக்கும். அதற்காக வைத்த காவல்காரனை வேலையை விட்டு அனுப்பியவன் நான்.

இன்னொரு விஷயம். மெயினை அணைத்தால் மற்ற மின்சாரத் தீயின் வேர் அறுந்துவிடும். பேட்டரி தன் சக்தியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து மேலும் சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றும். பிறகு நீங்கள் ஒயரைப் பிடுங்கினாலும் நிற்காது.

எங்களுக்கு இருந்த கொல்லைக் கதவு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். நியூயார்க் நகரத்தில் 2023-ம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். பேட்டரித் தீயில் சுவாலை மட்டும் ஆபத்தில்லை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற விஷ வாயுக்கள் இருக்கும். ஆகவே சார்ஜ் போடும் இடம் வெளியேறும் வழியில் இருக்கவே கூடாது.

இதைக் கேட்டு யாரும் மின்சார சைக்கிள் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் எல்லோர் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கிறது. இதற்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது: ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் மனம் தளர வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்.எஃப்.பி. பேட்டரிக்கு வழி காட்டியதும் அவருடைய ஆய்வுக்குழுதான்.

சரி, வாங்கப் போகிறவர்கள் கடையில் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலாவது, எந்த வகை? எடை குறைவாக வேண்டும் என்றால் என்.எம்.சி. அதே சக்திக்கு எல்.எஃப்.பி. எடை கூடும், இடமும் கூடும். ஆனால் நம் ஊர் வெயிலை அது நன்றாகத் தாங்கும்; அதிக முறை சார்ஜ் செய்யலாம்; தீப்பிடிக்கும் அளவுக்குப் போக இன்னும் அதிகச் சூடு வேண்டும். இடம் இருந்தால் என் ஓட்டு எல்.எஃப்.பி.க்குத்தான். ஆனால் "இது எரியவே எரியாதுங்க" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் கெடும், அதிலிருந்தும் எரியும் வாயு வரும்.

இரண்டாவது, எவ்வளவு பெரியது? வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஏ.எச். என்றால் 360 வாட்-அவர். மிதித்துக்கொண்டே மோட்டார் உதவியோடு போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 முதல் 15 வாட்-அவர் செலவாகும். ஆக 25 முதல் 35 கிலோமீட்டர் போகலாம். இதே பேட்டரிக்கு ஒருவர் 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தால், அவர் இறக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது, எவ்வளவு ஆம்பியர் தரும்? கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்கும் என்றால், பேட்டரியும் பி.எம்.எஸ்.ஸும் தொடர்ச்சியாக அதற்கு மேலேயே தரக்கூடியதாக இருக்க வேண்டும். சரியாக அதே அளவில் இருந்தால் ஏற்றத்தில் சூடாகும்.

நான்காவது, செல் உண்மையானதா? 18650 செல்லின் மேல் '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சடித்து விற்கிறார்கள். நல்ல கம்பெனி செல்லிலேயே சுமார் 3500-தான். ஒரு நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே பாதிக் குட்டு வெளிப்படும். பழைய செல்லில் பேட்டரி கட்டாதீர்கள். கட்டியவன் சொல்கிறேன்.

ஐந்தாவது, சான்று உண்டா? 2022-ல் பல மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை மத்திய அரசு திருத்திக் கடுமையாக்கியது. திருத்தம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட சைக்கிளை நம் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். சௌகரியம்தான். ஆனால் வாகனப் பதிவின்போது நடக்கும் சோதனையும் அதற்கு இல்லை. ஆகவே வாங்குகிற நாமே பார்க்க வேண்டும். ஏ.ஐ.எஸ். 156 படி சோதித்த பேட்டரியா என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் யு.எல். 2271 அல்லது யு.எல். 2849 சான்றைக் கேளுங்கள். பேட்டரியும் சார்ஜரும் ஒரே இடத்தில் வாங்குங்கள்.

வாங்கியாயிற்று. வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

சார்ஜரில் அது நிறுத்தும் வோல்டேஜைப் பெயின்டால் பெரிதாக எழுதுங்கள். பேட்டரியிலும் அதையே எழுதுங்கள். வீட்டில் இரண்டு சார்ஜர் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பிளக் போடுங்கள். தவறாக மாட்டவே முடியாதபடி செய்வதுதான் நல்ல இன்ஜினியரிங். "பார்த்து மாட்டுங்க" என்று போர்டு எழுதி வைப்பது இன்ஜினியரிங் இல்லை.

தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் சார்ஜ் போடாதீர்கள். மே மாத வெயிலில் ஓட்டி வந்தவுடனே மாட்டாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். 10 ஏ.எச். பேட்டரிக்கு 2 அல்லது 3 ஆம்பியர் சார்ஜர் போதும். அவசரப்படுத்தினால் ஆயுள் குறையும்.

என்.எம்.சி. பேட்டரியைத் தினமும் 80 சதவீதம் வரை ஏற்றினால் நெடுநாள் உழைக்கும். எப்போதாவது ஒரு முறை முழுதாக ஏற்றி, கூட்டங்கள் சமமாக வர விடுங்கள். எல்.எஃப்.பி.யை இன்னும் அடிக்கடி முழுதாக ஏற்றலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாதிச் சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். முழுதாகத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் செல்லுக்குள் செப்பு கரைந்து, அடுத்த முறை சார்ஜ் போடும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். செத்த செல்லுக்கு உயிர் கொடுக்கும் வித்தையை லேபில்கூடச் செய்யாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது நமக்கு மறக்காது. வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி வெளியே காய்ந்துவிட்டாலும் சார்ஜ் போடக் கூடாது. வீக்கம், இனிப்பு வாசனை, உஸ் என்ற சத்தம், தொட்டால் காரணமில்லாத சூடு, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த பேட்டரியின் கதை முடிந்தது. வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் வையுங்கள். 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டிக் கடையில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

புகை கிளம்பிவிட்டால்? பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீரம் வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றுங்கள், கதவைச் சாத்துங்கள், 101-க்குப் போன் செய்யுங்கள். பவுடர் அடிக்கும் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது, மறுபடியும் பற்றும். சூட்டைத் தணிப்பது ஏராளமான தண்ணீர்தான். அதைத் தீயணைப்புத் துறை பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் விடுதியின் அந்தப் பகுதியில் இறங்க ஒரே ஒரு மாடிப்படிதான் இருக்கிறது. அதன் கீழே ஏழு பேட்டரிகள். எங்கள் வீட்டுக்காவது ஒரு கொல்லைக் கதவு இருந்தது. அந்த மாணவர்களுக்கு அது இல்லை.

நேற்று ராத்திரி எங்கள் செட் நண்பர்கள் உட்கார்ந்து பேசினோம். சைக்கிள் ஸ்டாண்டுக்கு அப்பால், விடுதிச் சுவரிலிருந்து தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு சார்ஜிங் ஷெட் கட்டித் தருகிறோம். ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி எம்.சி.பி., பகலில் மட்டும் மின்சாரம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். இடம் ஒதுக்கித் தர வேண்டியது முதல்வர் அவர்கள். ஷெட் வரும் வரைக்கும் அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்றைக்கே கழற்றி, சைக்கிள்களைத் திறந்த வெளிக்கு மாற்றும்படி வார்டன் ஐயாவை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி கட்டிய இரண்டு தம்பிகளும் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். திட்ட மாட்டேன். பி.எம்.எஸ். ஒயர் எங்கே போகிறது என்று மட்டும் சேர்ந்து பார்ப்போம்.

அப்பா இப்போது கடையில் வாங்கிய எல்.எஃப்.பி. பேட்டரியோடு புது சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருகிறார். சார்ஜ் போடுவது மாட்டுக் கொட்டகைக்கு எதிரே, திறந்த வெளியில். முன்வாசல் நடையில் அந்தக் கருகிய சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கலாம் என்று நான் சொல்கிறேன். "இருக்கட்டும் கண்ணு, நீ வரப்ப எல்லாம் பாரு" என்கிறார் அப்பா.